மவுண்ட் ரோட்டைப் பழகுவது எப்படி? கோட்டை முதல் பரங்கிமலை வரை

சென்னைக்கு வேலைக்கோ படிப்புக்கோ புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, மவுண்ட் ரோட்டைப் பழகிக்கொள்ளுங்கள் என்பதுதான். திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, நுங்கம்பாக்கம், தி.நகர், மயிலாப்பூர், அடையாறு, கிண்டி என்று காதில் விழும் பெயர்களில் பாதிக்கு மேல் இந்தச் சாலையின் ஏதோவொரு சந்திப்பில் திரும்பிப் போகிற இடங்கள். எந்தச் சந்திப்பில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது மனசில் பதிந்துவிட்டால் மீதி ஊர் தானாகப் பிடிபடும். கைப்பேசியில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள், சரி. ஆனால் வந்த வழி நினைவில் நிற்காது. இந்தச் சாலையை ஒருமுறை முழுசாக, துண்டு துண்டாகப் பிரித்து, நடந்தும் பேருந்திலும் மெட்ரோவிலுமாகக் கடந்துவிட்டால் பிறகு யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

அதற்கான வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். வரலாற்றையும் கூடவே சொல்லிக்கொண்டு போகிறேன். இந்தச் சாலை ஏன் இப்படி வளைகிறது, ஏன் இந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்குகிறது, ஏன் இங்கே இவ்வளவு பெரிய கட்டிடம் என்பதற்கெல்லாம் விடை அங்கேதான் இருக்கிறது.

பெயர்களில் குழம்பாமல் இருக்க

அரசுப் பெயர் அண்ணா சாலை. 1969 பிப்ரவரியில் முதலமைச்சராக இருக்கும்போதே மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயர் அது. முகவரி எழுதும்போதும் விண்ணப்பம் நிரப்பும்போதும் அண்ணா சாலை என்றே எழுதுங்கள். ஆட்டோவிலும் பேருந்திலும் மவுண்ட் ரோடு என்றாலும் புரியும், அண்ணா சாலை என்றாலும் புரியும்.

ஆனால் வெறுமனே "அண்ணா சாலை போகணும்" என்று சொல்லி ஏறாதீர்கள். "அண்ணா சாலையில எங்கங்க?" என்ற கேள்விதான் திரும்பி வரும். நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிப் பழகுங்கள். வடக்கிலிருந்து தெற்கே வந்தால் சிம்சன், அண்ணா சிலை, டி.வி.எஸ்., எல்.ஐ.சி., ஸ்பென்சர், ஆயிரம் விளக்கு, ஜெமினி, டி.எம்.எஸ்., தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை, சின்னமலை, கிண்டி. இந்தப் பதின்மூன்று பெயரையும் வரிசையாக மனப்பாடம் செய்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. அண்ணா சிலை, அண்ணா மேம்பாலம், அண்ணா நகர், அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் வெவ்வேறு இடங்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் இரண்டும் இந்தச் சாலையிலேயே இருக்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று கணிசமான தூரம். அண்ணா மேம்பாலத்தை ஊரார் ஜெமினி என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு முனை, மூன்று தண்ணீர்

புறப்படும் முன் இந்தச் சாலையின் வடிவத்தை மனசுக்குள் ஒருமுறை வரைந்துகொள்ளுங்கள். வடமுனையில் புனித ஜார்ஜ் கோட்டை. ஆங்கிலேயர்கள் 1639இல் கடலோரத்தில் நிலம் பெற்றுக் கட்டத் தொடங்கிய கோட்டை அது. தென்முனையில் பரங்கிமலை. அங்கே கோட்டைக்கு நூறு வருடம் முன்பே, 1523இல், போர்த்துகீசியர்கள் மலை உச்சியில் தேவாலயம் கட்டியிருந்தார்கள். கோட்டைக்கும் மலைக்கும் இடையே ஆட்களும் வண்டிகளும் போய்வந்த தடம்தான் பின்னாளில் சாலையானது. மவுண்ட் என்பது அந்த மலைதான். எங்கிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து 13 முதல் 15 கிலோமீட்டர் வரும்.

இரண்டு முனைக்கும் நேர்கோடு போட்டால் சாலை அந்தக் கோட்டில் போகாது. இடையில் மூன்று நீர்நிலைகள் இருந்தன. வடக்கே கூவம், தெற்கே அடையாறு, நடுவில் ஒரு மிகப்பெரிய ஏரி. கூவத்தையும் அடையாற்றையும் எங்கே கடக்க வசதியோ அங்கே சாலை போனது. ஏரி இருந்த பகுதியில் அதன் கிழக்குக் கரையை ஒட்டியே போனது. அந்த ஏரி இன்றைக்கு இல்லை. அதன் மேல்தான் தி.நகர் இருக்கிறது. இந்த மூன்று தண்ணீரையும் நினைவில் வைத்துக்கொண்டு நடந்தால் சாலை உங்களோடு பேசும்.

எப்போது, எதில் போவது

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்குத் தொடங்குவது நல்லது. போக்குவரத்து குறைவு, வெயில் ஏறியிருக்காது, கட்டிடங்களை நிமிர்ந்து பார்க்க முடியும். ரிச்சி தெருவில் கடைகளையும் பார்க்க வேண்டும் என்றால் சனிக்கிழமை போங்கள், ஞாயிறன்று அங்கே பெரும்பாலும் கதவடைப்பு. மார்ச் முதல் ஜூன் வரை பத்து மணிக்கு மேல் நடக்கத் திட்டமிடாதீர்கள். சாலையின் வடபகுதியில் நிழல் மிகக் குறைவு.

சாலையின் பெரும்பகுதிக்குக் கீழே மெட்ரோவின் நீலத் தடம் ஓடுகிறது. அரசினர் தோட்டம், எல்.ஐ.சி., ஆயிரம் விளக்கு, ஏ.ஜி.-டி.எம்.எஸ்., தேனாம்பேட்டை, நந்தனம், சைதாப்பேட்டை வரை நிலையங்கள் சுரங்கத்தில். சின்னமலையும் கிண்டியும் ஆலந்தூரும் மேலே. இந்தத் தடம் தெற்கிலிருந்து வடக்காக முளைத்து வந்தது. 2016இல் விமான நிலையத்திலிருந்து சின்னமலை வரை, 2018இல் டி.எம்.எஸ். வரை, 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரை. களைத்துப்போனால் எந்த இடத்திலும் கீழே இறங்கிவிடலாம் என்பது பெரிய வசதி. சாலையைக் கடக்கவும் இந்தச் சுரங்க நிலையங்களையே பயன்படுத்துங்கள். பல நிலையங்களில் இரண்டு பக்கமும் வாசல் உண்டு. வாகனங்களுக்கு நடுவே புகுந்து ஓடிக் கடக்கும் பழக்கத்தை இந்தச் சாலையில் தொடங்கவே வேண்டாம்.

பேருந்துக்கு, 18 என்ற எண் வரிசையில் வரும் பேருந்துகள் உங்களுக்கு உதவும். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. சிங்காரச் சென்னை அட்டை ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் சில்லறைத் தொல்லை இருக்காது.

முதல் துண்டு: மன்றோ சிலையிலிருந்து ஸ்பென்சர் வரை, நடந்தே

இந்தத் துண்டை மட்டும் தயவுசெய்து நடந்து கடங்கள். மற்றவற்றை வண்டியில் போனாலும் பரவாயில்லை.

கோட்டைப் பக்கமிருந்து வந்தால் முதலில் கூவத்தின் ஒரு கிளையைத் தாண்டித் தீவுத்திடலுக்குள் நுழைவீர்கள். சாலை நடுவில் குதிரைமேல் உட்கார்ந்திருப்பவர் தாமஸ் மன்றோ. 1820 முதல் சென்னை மாகாண ஆளுநராக இருந்து, 1827இல் சுற்றுப்பயணத்தின்போது காலராவில் இறந்துபோனவர். இடைத்தரகர்களிடம் கொடுக்காமல் உழவர்களிடமே நேராக வரி நிர்ணயம் செய்யும் ரயத்துவாரி முறையோடு சேர்த்து இவர் பெயரைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். லண்டனில் பிரான்சிஸ் சாண்ட்ரி என்ற சிற்பி வடித்த சிலை, 1839இல் இங்கே நிறுவப்பட்டது. கால் வைக்கும் அங்கவடி இல்லாமல் உட்கார்ந்திருப்பதை எல்லோரும் சுட்டிக்காட்டுவார்கள், நீங்களும் கவனியுங்கள். சிலையைச் சுற்றி வாகனங்கள் வேகமாக வரும், ஆகவே ஓரத்தில் நின்றே பாருங்கள்.

அடுத்து கூவத்தின் முக்கியப் பாலம். தாண்டியதும் பெரியார் சிலை, சிம்சன் சந்திப்பு. சிம்சன் 1840இல் தொடங்கிய நிறுவனம், குதிரை வண்டிகள் செய்து பேர் எடுத்தது. குதிரை வண்டியிலிருந்து மோட்டார் வாகனம் வரைக்கும் இந்தச் சாலையோடேயே வளர்ந்தது. இங்கிருந்து மேற்கே போனால் சிந்தாதிரிப்பேட்டை. சிம்சனுக்குப் பக்கத்திலேயே பத்திரிகை உலகம் இருந்தது. மெயில் நாளிதழ் இங்கேதான் இயங்கியது. 1878இல் தொடங்கிய இந்து நாளிதழ் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தில் இங்கே கஸ்தூரி கட்டிடத்துக்கு வந்தது. அந்தப் பத்திரிகைக்கு "மவுண்ட் ரோடு மகாவிஷ்ணு" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பழைய அரசியல் மேடைப் பேச்சுகளைப் படிக்கும்போது அந்தச் சொல் வந்தால் இனி உங்களுக்குப் புரியும்.

எதிர்ப்புறம் ஓமந்தூரார் அரசினர் தோட்டம். இங்கே கொஞ்ச நேரம் நில்லுங்கள். உள்ளே அகலமான படிக்கட்டும் உயரமான தூண்களுமாக ஒரு வெள்ளை மண்டபம் இருக்கிறது. அதுதான் ராஜாஜி மண்டபம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, அந்த வெற்றியைக் கொண்டாடும் விதமாக விருந்து மண்டபமாகக் கட்டி 1802இல் முடித்தார்கள். கட்டியவர் ஜான் கோல்டிங்காம், சென்னை வானாய்வகத்தில் இருந்த வானியலாளர். மைசூர் படைகளைப் பற்றிய பயம் இந்தச் சாலையின் வரலாற்றில் மிக முக்கியமானது. 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலை வரைக்கும் வந்து நின்றது, ஆங்கிலேயர்கள் உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பயம் 1799இல் தீர்ந்த பிறகு கோட்டைச் சுவருக்கு வெளியே, இந்தச் சாலையின் இரு பக்கமும், ஏக்கர் கணக்கில் தோட்டத்துடன் வெள்ளைக்கார வணிகர்களும் அதிகாரிகளும் தயக்கமில்லாமல் வீடு கட்டிப் பரவினார்கள். இன்றைக்கு இந்தச் சாலையில் அடுத்தடுத்துப் பெரிய வளாகங்களாக இருப்பதற்குக் காரணம் அந்தத் தோட்ட வீடுகள்தான். மனைகள் ஏற்கெனவே பெரிசு பெரிசாக இருந்தன.

வெற்றிவிழா மண்டபமாகத் தொடங்கிய அந்த இடம் பின்னாளில் தமிழ்நாடு தன் தலைவர்களுக்கு விடை கொடுக்கும் இடமாக மாறியது. அண்ணா, ராஜாஜி, பெரியார், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் எல்லோருடைய உடலும் அந்தப் படிகளின் மேல்தான் வைக்கப்பட்டது. தமிழர்கள் இவ்வளவு பேர் அழுத இடம் இந்த ஊரில் வேறு இல்லை. ஒரு கட்டிடத்தை யார் எதற்காகக் கட்டினார்கள் என்பதைவிட மக்கள் அதை எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே வளாகத்தில் தெரியும் பெரிய கட்டிடம் புதிய சட்டமன்றமாக 2010 மார்ச்சில் திறக்கப்பட்டு, 2014இல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக மாறியது. வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையம்தான் அருகில்.

கொஞ்ச தூரம் தெற்கே வந்தால் அண்ணா சிலை. பழைய ஆட்கள் இந்தச் சந்திப்பை ரவுண்டாணா என்பார்கள். இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி 1968 ஜனவரியில், அண்ணா உயிரோடு இருக்கும்போதே திறக்கப்பட்ட சிலை இது. செலவை ஏற்றவர் எம்.ஜி.ஆர். இங்கே கிழக்கே திரும்புவது வாலாஜா சாலை. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம், திருவல்லிக்கேணி, மெரினா மூன்றுக்கும் அதுதான் வழி. கிரிக்கெட் போட்டி நாளில் இந்தச் சந்திப்புக்கு வாகனத்தில் வராதீர்கள், மெட்ரோதான் சரி.

மேற்குப் பக்கச் சந்துகளில் நுழைந்தால் ரிச்சி தெரு. மின்னணுப் பொருள்கள், கணினி உதிரி பாகங்கள், கேபிள், பழுதுபார்ப்பு எல்லாம் இங்கே. புதிதாகப் போகிறவர்கள் முதல் கடையிலேயே வாங்கிவிடாமல் மூன்று கடையில் விலை கேளுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பொருளை அங்கேயே இயக்கிப் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் அதேபோல வாகன உதிரி பாகங்கள். மீரான் சாகிப் தெரு ஒரு காலத்தில் சினிமா விநியோக அலுவலகங்களால் நிறைந்திருந்தது.

சினிமா என்றதும் இந்தப் பகுதியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்துக்குப் போய், வளாகத்துக்குள் இருக்கும் சின்னப் பழைய கட்டிடத்தைப் பாருங்கள். 1913இல் எலக்ட்ரிக் தியேட்டர் என்ற பெயரில் பேசாப்படங்கள் காட்டிய இடம் அது. அஞ்சல்தலை சேகரிப்பாளர்களுக்கான பிரிவு பிறகு அங்கே வந்தது. அங்கே தொடங்கி எல்பின்ஸ்டன், வெலிங்டன், கெயிட்டி, குளோப், காசினோ, ஆனந்த், சாந்தி, சஃபையர், தேவி என்று நடந்துபோகும் தூரத்துக்குள் இத்தனை திரையரங்குகள் இருந்தன. 1961இல் காமராஜர் திறந்துவைத்த சாந்தி பின்னர் சிவாஜி குடும்பத்தின் கைக்கு வந்தது. அவர் படம் வெளியாகும் நாளில் அந்த வாசல் எப்படியிருந்தது என்று அறுபது வயதுக்கு மேற்பட்ட எந்தச் சென்னைக்காரரிடம் கேட்டாலும் அரை மணி நேரம் சொல்வார், கேளுங்கள். சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று அரங்குகள் இருந்தன. புளூ டைமண்டில் இடைவெளியில்லாமல் படம் ஓடும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். இவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1970இல் வந்த தேவி இருக்கிறது. நடந்து களைத்தால் புகாரி ஓட்டலில் உட்காருங்கள். 1951 முதல் இந்தச் சாலையில் இருக்கிறது, சிக்கன் 65 பிறந்த இடம் தங்கள் அடுப்படிதான் என்று சொல்லிக்கொள்ளும் உணவகம்.

இதற்குப் பிறகு வரும் கட்டிடங்களுக்காகத் தலையை நிமிர்த்தி நடங்கள். 1897இல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டிடம், கோபுரங்களும் வளைவுகளுமாகச் சிதைந்து நிற்கிறது. இடிக்கப் பார்த்தபோது வழக்குப் போட்டுக் காப்பாற்றினார்கள். அதைச் சீரமைத்து மக்களுக்குத் திறக்க வேண்டும் என்று இந்த ஊரை நேசிக்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும், நானும் கேட்கிறேன். மணிக்கூண்டோடு நிற்பது பி. ஓர் அண்ட் சன்ஸ் என்ற கடிகார வியாபாரியின் கட்டிடம். இந்நகரம் நேரம் பார்த்துக்கொண்ட கடிகாரங்களில் ஒன்று அது. ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை 1844இல் தொடங்கியது, இப்போதிருக்கும் கட்டிடம் 1904ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உயரமான உட்கூரையும் வண்ணக் கண்ணாடிகளும் பார்க்கவே உள்ளே போகலாம். புத்தகம் வாங்கினால் இன்னும் நல்லது. பக்கத்திலேயே பூம்புகார் கைவினைப்பொருள் விற்பனை நிலையம்.

அப்புறம் எல்.ஐ.சி. ஊரிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னை என்றால் இந்தக் கட்டிடம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. பதினாலு மாடிக் கட்டிடம் என்றுதான் சொல்வார்கள். 1959 ஆகஸ்டில் திறந்தபோது 177 அடி உயரத்தோடு இந்தியாவிலேயே உயரமான கட்டிடம். தொடங்கியது எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தன் யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக. அவர் 1954இல் சிங்கப்பூரில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். 1956இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் அரசுடைமையானது. கட்டிடம் முடியும்போது அதன் உரிமையாளர் எல்.ஐ.சி. 1975இல் பெரிய தீ விபத்து, அதிலிருந்தும் மீண்டது. இன்றைக்கு இதைவிட உயரமானவை எத்தனையோ வந்துவிட்டன. இருந்தாலும் வழி சொல்ல இதைப்போல ஓர் அடையாளம் கிடையாது.

ஸ்பென்சர் பிளாசா இருக்கும் இடத்தில் முன்பு சிவப்பு நிறத்தில் இந்தோ-சாரசெனிக் பாணிக் கட்டிடம் இருந்தது. ஸ்பென்சர் 1860களில் தொடங்கிய கடை, ஊசி முதல் பியானோ வரை விற்றது. 1980களின் தொடக்கத்தில் அந்தக் கட்டிடம் எரிந்துபோன பின் எழுந்ததுதான் இப்போதைய வணிக வளாகம். நாடு முழுக்க மால்கள் வருவதற்கு முன்பே வந்தது. இங்கிருந்து பின்னி சாலை வழியாக எழும்பூர்ப் பக்கம், ஒயிட்ஸ் சாலை வழியாக ராயப்பேட்டை. முதல் துண்டு இத்துடன் முடிகிறது.

இரண்டாம் துண்டு: ஜெமினி வரை

ஆயிரம் விளக்கு மசூதி ஷியா முஸ்லிம்களின் வழிபாட்டிடம். அங்கிருந்த மண்டபத்தில் ஆயிரம் விளக்குகள் ஏற்றப்பட்டதால் பகுதிக்கே அந்தப் பெயர். கிரீம்ஸ் சாலையில் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இங்கே இறங்க வேண்டும்.

அடுத்து ஜெமினி. புதியவர்கள் வழிதவறும் முதலிடம் இதுதான். மேம்பாலத்தின் மேலே போனால் நேராகத் தேனாம்பேட்டை. கீழே இறங்கினால் கிழக்கே கதீட்ரல் சாலை, மெரினா வரைக்கும் போகும். வடமேற்கே நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலை. மேற்கே கோடம்பாக்கம் பக்கமும், ஜி.என். செட்டி சாலை வழியாக தி.நகரும். இருசக்கர வாகனத்தில் வருகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகவே இடப்பக்கத் தடத்துக்கு மாறிவிடுங்கள், கடைசி நொடியில் குறுக்கே வெட்டுவது ஆபத்து. பாலம் 1973 ஜூலையில் திறக்கப்பட்டது, சென்னையின் முதல் மேம்பாலம். எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோ இங்கே இருந்ததால் அந்தப் பெயர். பாலத்தின் அருகே துள்ளும் குதிரையை ஒரு மனிதன் இழுத்துப் பிடிக்கும் சிலையைப் பார்க்கலாம். 1974இல் தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தைத் தடைசெய்ததன் நினைவாக வைத்தது. கதீட்ரல் சாலைக்குப் பெயர் தந்த புனித ஜார்ஜ் பேராலயம் சற்றுத் தள்ளி மரங்களுக்குள் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது அங்கேதான். எதிரே செம்மொழிப் பூங்கா, கால் ஆற நல்ல இடம்.

மூன்றாம் துண்டு: இல்லாத ஏரியின் கரையில்

இங்கே பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். ஜெமினியிலிருந்து சைதாப்பேட்டை வரை உங்கள் வலது கைப்பக்கம், அதாவது மேற்கே, ஒரு காலத்தில் தண்ணீர். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டுகிடந்ததால் நெடுங்குளம் என்று சொல்லத்தக்க ஏரி. அதில் படகுப் போட்டிகள் நடந்திருக்கின்றன. நகரம் வளர இடம் வேண்டும் என்று 1920களில் ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மாம்பலம் பக்கம் "லேக் வியூ ரோடு" என்று இன்னும் ஒரு தெருப்பலகை இருக்கிறது.

இது வெறும் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். வாடகை வீடு தேடுகிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி. ஏரி இருந்த தாழ்வில் கனமழை நாளில் தண்ணீர் தேங்கும். தி.நகர்ப் பக்கம் தரைத்தள வீடு பார்த்தால், போன மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அக்கம்பக்கத்துக்காரர்களிடம் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.

டி.எம்.எஸ். என்பது மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகம். தேனாம்பேட்டை சிக்னலில் கிழக்கே எல்டாம்ஸ் சாலை ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூருக்கு. மேற்கே தியாகராய சாலை பாண்டி பஜாருக்கு. சற்றுத் தள்ளி, தி.மு.க. தலைமை அலுவலகமான அண்ணா அறிவாலயம். நந்தனத்தில் மேற்கே வெங்கட்நாராயணா சாலை மறுபடியும் தி.நகருக்கு, கிழக்கே சேமியர்ஸ் சாலை ராஜா அண்ணாமலைபுரம், அடையாறு பக்கம். நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி 1920இல் தொடங்கிய பழைய நிறுவனம். சமீப ஆண்டுகளில் பொங்கலையொட்டி நடக்கும் புத்தகக் காட்சிக்கு இதன் மைதானத்துக்குத்தான் ஊரே வருகிறது. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை உயர்மட்டச் சாலை கட்டும் பணிக்கு 2024இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆகவே இந்தத் துண்டில் மாற்றுவழிப் பலகைகள் இருந்தால் அவற்றையே நம்புங்கள், நான் சொல்லும் வழியை வேண்டாம். அவசரமாக விமான நிலையம் போகிற நாளில் மெட்ரோவைப் பிடியுங்கள்.

நான்காம் துண்டு: அடையாற்றைத் தாண்டி மலைக்கு

சைதாப்பேட்டையில் பனகல் மாளிகையருகே இறங்கிப் பாலத்தை நடந்து கடங்கள். பெயர் மறைமலை அடிகள் பாலம், 1960களில் கட்டியது. இதே இடத்தில் முன்பு இருந்த பாலத்தை 1726இல் தன் சொந்தப் பணத்தில் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர். மர்மலாங் பாலம் என்பார்கள். பரங்கிமலைக்கு யாத்திரை போகிறவர்கள் மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்கத் தவித்ததைப் பார்த்து அவர் இதைச் செய்தார். மலைமேல் ஏறும் கல்படிகளும் அவர் கொடையே. எந்த அரசுப் பதவியிலும் இல்லாத, தொலைதூரத்திலிருந்து வந்து குடியேறிய ஒருவர் கட்டிய பாலம்தான் இந்தச் சாலையை முழுமையாக்கியது. நினைவுக் கல்வெட்டு ஒன்று பாலத்தருகே இருக்கிறது. சாலையோரத்துச் சத்தத்தில் யாரும் நின்று பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு இந்தப் பாலத்தை எட்டி ஓடியது, போக்குவரத்தை நிறுத்தினார்கள், ஊர் இரண்டாகத் துண்டானது. அடையாற்றில் வெள்ள எச்சரிக்கை வந்தால் பாலத்துக்கு எந்தப் பக்கம் உங்கள் வீடு, எந்தப் பக்கம் அலுவலகம் என்பதை யோசித்து முன்கூட்டியே கிளம்பிவிடுங்கள்.

பாலம் தாண்டியதும் சின்னமலை. போர்த்துகீசியர் கால தேவாலயம் உள்ள சிறு குன்று. அதற்கும் கிண்டிக்கும் இடையே சர்தார் படேல் சாலை கிழக்கே பிரிகிறது. ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், அடையாறு எல்லாவற்றுக்கும் அங்கே திரும்ப வேண்டும். கிண்டியில் மின்சார ரயிலும் மெட்ரோவும் அடுத்தடுத்து இருக்கின்றன. 1958இல் தொடங்கிய தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இறங்கும் இடமும் இதுவே.

கத்திப்பாராவில் அண்ணா சாலை முடிகிறது. நேராகப் போனால் ஜி.எஸ்.டி. சாலை, விமான நிலையம், தாம்பரம், அதற்கப்பால் தென்மாவட்டங்கள். வலப்பக்க வளைவுகளில் வடபழனி, கோயம்பேட்டுக்கு நூறடி ரோடு, போரூர், பூந்தமல்லிக்கு மவுண்ட்-பூந்தமல்லி சாலை. 2008இல் திறந்த இந்தப் பாலத்தில் ஒரு வளைவைத் தவறவிட்டால் திரும்பி வர நெடுந்தூரம் ஆகும். வண்டி ஓட்டப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் முறை ஞாயிறு காலையிலேயே ஓட்டிப் பழகுங்கள்.

நாம் மலைக்குப் போக வேண்டும். ஆலந்தூரில் பச்சைத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையம் பரங்கிமலை. அங்கிருந்து ஆட்டோவில் அடிவாரம், பிறகு படியேறலாம். ஏறத்தாழ 300 அடி உயரம்தான். மேலே தேவாலயத்தில் பழைய கற்சிலுவை இருக்கிறது. நில அளவைக்காரர் வில்லியம் லாம்ப்டனின் மார்பளவுச் சிலையும் உண்டு. 1802இல் இந்த மலையடிவாரத்தில் அவர் அளந்த ஏழரை மைல் அடிக்கோட்டிலிருந்துதான் இந்தியா முழுவதையும் முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெரும்பணி தொடங்கியது. இமயம் வரை போன கணக்குக்கு முதல் கோடு இங்கே போட்டது. மாலை நாலரைக்கு மேல் ஏறினால் வெயில் தணிந்திருக்கும். வழிபாட்டிடம் என்பதால் அமைதியாக இருங்கள்.

திரும்பும்போது

வந்த வழியே போகாதீர்கள். பரங்கிமலை ரயில் நிலையத்தில் கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள். கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், எழும்பூர், பூங்கா, கோட்டை என்று போகும். சாலை ஏரியின் கிழக்குக் கரையில் வந்தது, ரயில் பாதை மேற்குக் கரைப் பக்கம் போகிறது. சைதாப்பேட்டை தாண்டியதும் வலப்பக்க ஜன்னல் வழியாகப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே தி.நகர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது ஒரே பார்வையில் விளங்கும். அடுத்த ஞாயிறு, பூங்கா நிலையத்தில் இறங்கி ஈ.வெ.ரா. பெரியார் நெடுஞ்சாலையைத் தொடங்குங்கள். மவுண்ட் ரோட்டுக்கு அடுத்தபடியாகப் பழக வேண்டியது அதுதான்.